84 செடிகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கன்னியாகுமரி மாவட்ட மலையடிவாரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் இரண்டு பாட்டிகள் இன்றும் வைத்தியம் பார்க்கிறார்கள். பேறுகால மருந்து, காமாலை, விஷக்கடி எல்லாவற்றுக்கும் ஆட்கள் வருகிறார்கள். கேரளத்தின் காணி வைத்தியர் கல்லாறு லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்ததிலிருந்து, இவர்கள் அறிந்ததையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆசை. ஓராண்டாகக் கேட்டு 84 செடிகளின் பெயரும் அவை எந்த நோய்க்கு என்பதும் நோட்டில் சேர்ந்திருக்கின்றன. புத்தகமாகப் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்போது போடாதீர்கள். ஓராண்டு விடாமல் மலையேறி எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய வேலை. ஆனால் பாட்டிகளின் வைத்தியம் இன்னும் அந்த நோட்டுக்குள் வரவில்லை.

‘கீழாநெல்லி, காமாலைக்கு’ என்று ஒரு வரி இருக்கும் என நினைக்கிறேன். எந்தக் கீழாநெல்லி? இலை வரிசைக்கு அடியில் காய் பிடிப்பவை ஒன்றுக்கு மேல் உண்டு. ஒன்றில் காய் வழுவழுப்பாக, சிறு காம்போடு தொங்கும். சிவப்புக் கீழாநெல்லியில் தண்டு செம்மை ஓடியிருக்கும். காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, தொட்டால் சொரசொரக்கும். பாட்டி கை வைப்பது எதில் என்று பாருங்கள். பூவும் காயும் உள்ள கிளையாகப் பறித்துச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனம் வையுங்கள். முதல் வாரம் தினமும் தாளை மாற்றாவிட்டால் உங்கள் மலை ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும். பூவின் நிறம் காய்ந்தால் போய்விடும், பறித்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். நாள், இடம், பாட்டி சொன்ன பெயர் மூன்றும் இருந்தால் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் காட்டி அடையாளம் கேட்கலாம்.

அடுத்தது, உட்காரவைத்துக் கேட்பதைக் குறையுங்கள். கூடப் போங்கள். கைக்குப் பழகிய வேலை வாயில் வராது. சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்பார்கள். ‘கடுக்காய்ப் பொடி’ என்று சொல்லும் பாட்டி, கொட்டையைத் தட்டி எறிந்துவிட்டுத்தான் இடிப்பார். எறிந்தேன் என்று சொல்லத் தோன்றாது, அது அவருக்குச் சொல்லவேண்டிய செய்தியே இல்லை. கடுக்காயை இரும்புச் சட்டியில் போடாமல் மண்சட்டி தேடுவதும் அப்படித்தான். அதன் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மைபோலக் கறுத்துவிடும். பட்டை எடுக்கும்போது மரத்தைச் சுற்றி எடுக்காமல் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் உரிப்பதையும் கவனித்து எழுதுங்கள். வளையமாக உரித்தால் இலை செய்த உணவு வேருக்கு இறங்காமல் மரம் பட்டுப்போகும். உங்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கத்தியோடு போகிறவருக்கு இது தெரிந்திருக்காது.

அளவைக் கிராமில் கேட்காதீர்கள். ‘ஒரு பிடி’, ‘சுண்டைக்காய் அளவு’ என்பதை அப்படியே எழுதிக்கொண்டு, பாட்டி எடுக்கும் பிடியை மூன்று நாள் தராசில் வைத்துப் பாருங்கள். பச்சையா, உலர்ந்ததா என்பதை மறக்க வேண்டாம். நாலு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்டுவதற்கும் இரண்டாகச் சுண்டுவதற்கும் மருந்தின் வேகமே வேறு.

செடியின் எந்தப் பகுதி மருந்து என்பதற்கு உங்கள் மலையிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிப்போன காணிகள் களைப்புத் தெரியாமலிருக்கத் தின்றது ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழம். கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் தோட்டத்தில் உருவான ‘ஜீவனி’ மருந்துக்கு எடுத்தது இலை. 1995இல் அதைத் தயாரிக்க ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, அதற்கான அறக்கட்டளை பதிவானது 1997இல். அறிவு வெளியே போய்ப் பத்தாண்டு கழித்துத்தான் அதை வைத்திருந்தவர்கள் பெயரில் ஓர் அமைப்பு வந்தது. அதனால் எதை அச்சிடலாம், எதைக் குடும்பத்துக்குள் வைக்கவேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாகப் படித்துக்காட்டிப் பாட்டிகளிடமே கேளுங்கள். ஊராட்சியில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு (ஊரின் செடி, உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் ஏடு) எழுதினால் அதற்கும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு: ‘யாருக்கு இதைக் கொடுக்க மாட்டீர்கள்?’ கர்ப்பிணிக்கா, பால் கொடுக்கும் தாய்க்கா, காமாலையில் வயிறு வீங்கியவருக்கா? நல்ல மருத்துவச்சி திருப்பி அனுப்பும் ஆட்களைக் கேட்டால்தான் அவர் எவ்வளவு அறிந்தவர் என்பது புரியும்.

பாம்புக்கடிப் பக்கத்தை மட்டும் அச்சிடவே வேண்டாம். கடித்தும் விஷம் இறங்காத கடிகள் நிறைய உண்டு. அப்போது எந்தப் பச்சிலையும் பலித்ததுபோல் தெரியும். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, சில மணி நேரம் கழித்து இமை சரியும், பிறகு மூச்சுத் திணறும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். மலையிலுள்ள குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யாது, ஆனாலும் சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் அங்கேதான். இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் படுக்கவைத்துத் தூக்கிப்போக வேண்டும். குடியிருப்பிலிருந்து ஜீப் கிடைக்கும் இடம் எது, ஓட்டுநர் எண் என்ன என்பதை அந்தப் பக்கத்தில் எழுதி, பாட்டிகளின் வீட்டுச் சுவரிலும் ஒரு படி ஒட்டிவையுங்கள்.