ரிங் ஃபிட் மாதிரி உடற்பயிற்சி கேம்கள் கேமிங் துறையை நிஜமாவே மாத்துச்சா?

மாத்துச்சுங்க. அதுவரைக்கும் கன்ட்ரோலரையே தொடாத ஆளுங்களை டிவி முன்னாடி கொண்டு வந்து நிறுத்துச்சே, அதுதான் பெரிய மாற்றம்.

1998ல ஜப்பான்ல காசு போட்டு ஆடுற கேம் கடைகள்ல (ஆர்கேட்) கொனாமி கம்பெனி விட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஞாபகம் இருக்கா? திரையில அம்புக்குறி வர வர கால்ல மிதிக்கணும், அவ்ளோதான் ஆட்டம், ஆனா பத்து நிமிஷத்துல சட்டை நனைஞ்சிடும். 2006ல அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் அதை அரசுப் பள்ளிகளுக்கே கொண்டு வரப்போறதா அறிவிச்சாங்க.

அடுத்து 2007 டிசம்பர்ல, நின்டெண்டோ கம்பெனியோட வீ கன்சோலுக்கு வந்த வீ ஃபிட். நின்டெண்டோவுல கேம் உருவாக்குற மியாமோட்டோவுக்கு தினமும் எடை பாத்து குறிச்சு வைக்கிற பழக்கம், அதுல இருந்து வந்த யோசனை. எடை மெஷின் மாதிரி ஒரு பலகை, உள்ள நாலு சென்சார், நீங்க எந்தக் கால்ல அழுத்தி நிக்கிறீங்கன்னு அது கண்டுபிடிச்சிடும். 2 கோடிக்கு மேல வித்துச்சு. யாரையும் சுடாத, கதையே இல்லாத ஒரு கேம் இவ்ளோ வித்துச்சு. அப்புறம் உடம்பை அசைச்சு ஆடுறதுக்குன்னு 2010ல சோனி மூவ்ங்கிற கன்ட்ரோலரைக் கொண்டு வந்தாங்க, மைக்ரோசாஃப்ட் கினெக்ட்ங்கிற கேமரா கருவியைக் கொண்டு வந்தாங்க. கினெக்ட் முதல் 60 நாள்லயே 80 லட்சம் போச்சு, கின்னஸ் சாதனை. ஆனா நின்னு ஆட ஹால்ல ஆறேழு அடி காலியா வேணும், திரும்பத் திரும்ப ஆட வைக்கிற கேமும் அதுக்குக் கம்மி, 2017ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. கருவி மட்டும் புதுசா இருந்தா பத்தாது, கேம் நல்லா இருக்கணும்ங்கிறது என் கருத்து.

நின்டெண்டோவோட ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர் (2019) ஜெயிச்சது அங்கதான். அது முழுசா ஒரு ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமா சண்டை போட்டு லெவல் ஏறிக்கிட்டே போற கதை கேம். ஸ்விட்ச்சோட சின்ன கன்ட்ரோலர் பேரு ஜாய்-கான்; அதுல ஒண்ணு கையில பிடிக்கிற வளையத்துல, இன்னொண்ணு இடது தொடையில கட்டுற பட்டையில, நின்ன இடத்துலயே ஓடினா கேமுக்குள்ள இருக்கிறவனும் ஓடுவான். சண்டை வந்தா ஸ்குவாட்தான் அடி, எதிரி அடிக்க வந்தா வளையத்தை வயித்துல வெச்சு அழுத்திப் பிடிக்கணும், அதுதான் தடுப்பு. லாக்டவுன்ல ஜிம் எல்லாம் மூடினப்போ பல ஊர்கள்ல இது கடையிலயே கிடைக்கல.

எங்க அம்மாவுக்கு 58 வயசு, வாழ்க்கையில ஒரு கேம் ஆடினதில்ல. டாக்டர் நடக்கச் சொன்னாரு, மழையும் தெருநாயும்னு நாலு நாள்ல விட்டுட்டாங்க. இதை வாங்கிக் கொடுத்தேன், முதல் வாரம் வளையத்தை அழுத்தவே முடியல, கை நடுங்குச்சு, அப்புறம் கேம்ல வில்லனா வர்ற டிராகனை அடுத்த ரவுண்டுல எப்படியும் விடமாட்டேன்னு காலைல காபி கூடக் குடிக்காம பட்டையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க பாருங்க, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கீழ்வீட்டுக்குச் சத்தம் கேக்கும்னா ஓடாம லேசா முட்டி மடக்கினாலே போதும்னு சைலன்ட் மோடு இருக்கு, அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களை நினைச்சு செஞ்ச விஷயம் அது, எனக்கு ரொம்பப் பிடிச்சது.

வாங்குறதா இருந்தா ஒண்ணு கவனிங்க: ஸ்விட்ச்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2 கன்சோல்லயும் ஆடலாம், ஆனா அதோட வர்ற புது ஜாய்-கான் இந்த வளையத்துல பொருந்தாது, பழைய ஸ்விட்ச்சோட ஜாய்-கான் ஜோடி ஒண்ணு கையில இருக்கணும்.