விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு தொடர வேண்டுமா?

உழுது பிழைப்பவருக்குத் தொடர வேண்டும். நிறுவனங்களுக்கும், வேறு தொழிலில் நிறையச் சம்பாதித்துக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் தொடரக் கூடாது. இவர்கள் எல்லோரையும் 'விவசாயி' என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டுப் பேசுவதால்தான் இந்த விவாதம் நகரவே மாட்டேன் என்கிறது.

எங்கள் குடும்பம் திருவாரூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிறது. அதனால் நெல் கணக்கையே சொல்கிறேன். ஏக்கருக்கு 24 குவிண்டால் கிடைத்தால் நல்ல விளைச்சல். 2025-26 பருவத்தில் தமிழக அரசு பொது ரக நெல்லுக்குக் கொடுக்கும் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக, 60,000 ரூபாய். உழவு, நடவு, உரம், களையெடுப்பு, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக எங்களுக்கு 20,000 நின்றால் பெரிது. தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் அனுமதிக்கிறது. (மண்ணின் தரத்தைப் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும்.) அத்தனையிலும் இரண்டு போகம் எடுத்தால்கூட ஆண்டுக்கு 6 லட்சம்தான். புதிய வரி முறையிலோ 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு 12 லட்சம் வரை வருமான வரி கிடையாது. நாளையே விலக்கை எடுத்துவிட்டாலும், உச்சவரம்புக்கு உட்பட்டு நெல் மட்டும் போடுகிறவர் ஒரு ரூபாய்கூட வரி கட்டப்போவதில்லை.

மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலோர் நிலை இதுதான். 2018-19 தேசிய மாதிரி ஆய்வில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798 மட்டுமே.

பிறகு, இந்த விலக்கு யாரைக் காப்பாற்றுகிறது? விவசாய நிலத்தின் வாடகையையும் விவசாய வருமானம் என்றே வருமான வரிச் சட்டம் வகைப்படுத்துகிறது. வரப்பில் கால் வைக்காதவருக்கு வரும் குத்தகைப் பணத்துக்கும் விலக்கு உண்டு. அதே வயலைக் குத்தகைக்கு எடுத்து உழும் பெண், இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றினால், அந்தப் பால் பணம் விவசாய வருமானத்தில் சேராது! அடங்கலில் (யார் எந்த நிலத்தில் என்ன பயிரிடுகிறார் என்ற கிராமப் பதிவேட்டில்) அவர் பெயர் ஏறுவதும் அரிது. வெள்ள நிவாரணம்கூடப் பட்டாதாரரைத் தேடித்தான் போகிறது. இதை நேரில் பார்த்து வளர்ந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்காது.

நிறுவனங்களின் கதை இன்னும் மோசம். விலக்குக்கு உச்ச வரம்பு எதுவும் இல்லை. தனிநபரிடமாவது, மற்ற வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை 1973 முதல் இருக்கிறது. கம்பெனிகளுக்கு அதுவும் இல்லை. போதிய ஆவணங்கள் இல்லாமலே பலருக்கு விலக்கு அளிக்கப்பட்டதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019 அறிக்கை சுட்டிக்காட்டியது.

'அரசியல் சட்டம் இடம் கொடுக்காது' என்பார்கள். விவசாய வருமான வரி மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவற்றின் பட்டியலில், 46ஆவது இனமாக இருப்பது உண்மைதான். ஆனால் எது விவசாய வருமானம் என்ற வரையறையை அதே அரசியல் சட்டம், 366ஆவது பிரிவில், வருமான வரிச் சட்டத்திடமே விட்டிருக்கிறது. தேயிலையை வளர்த்துத் தயாரித்து விற்கும் தோட்டங்களின் வருமானத்தில் 40 விழுக்காட்டைத் தொழில் வருமானமாகக் கொண்டு மத்திய அரசு நெடுங்காலமாக வரி வாங்குகிறதே! விதை நிறுவனங்களையும் பெரிய நாற்றுப்பண்ணைகளையும் இப்படி வரிக்குள் கொண்டுவர வழி தேடலாம். முதல் வேலை அதுதான்.

பெருந்தோப்பு வைத்திருக்கும் தனிநபர்களிடம் வரி கேட்பதென்றால், முந்தைய ஆண்டுகளின் பயிர் இழப்பை முழுவதும் கழித்துக்கொள்ள விட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்று காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் கடன் வாங்கித் தோப்பைக் காத்தவரின் முதல் நல்ல மகசூலை மட்டும் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போட்டால், அதை நான் எதிர்ப்பேன்.