ஹார்மோன் வேறு, மனச்சோர்வு வேறு: திருநர் பிள்ளைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

திருநங்கை, திருநம்பி பிள்ளைகளின் ஹார்மோன் சிகிச்சை, மனநலம் பற்றி வந்த கடிதங்களுக்கு மனநல மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

பெண்ணாகப் பிறந்த எங்கள் 16 வயதுப் பிள்ளை, தான் ஆண் என்கிறான். ஒரு வருடமாகப் பள்ளிக்குச் சரியாகப் போவதில்லை. கையைப் பிளேடால் கீறிக்கொள்கிறான். "மனச்சோர்வைச் சரிசெய்தால் இந்த எண்ணமும் போய்விடும்" என்கிறார் ஒரு டாக்டர். "ஹார்மோன் ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறான் இவன். யாரை நம்புவது?
– ஒரு தாய், நாமக்கல்

கடிதம் முழுக்க அவனை "அவன்" என்றே எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதை விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 129 திருநர் இளையோரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்று தேர்ந்தெடுத்த பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று கூடினாலே தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்கு மருந்துச் சீட்டு தேவையில்லை.

டாக்டர் சொன்னது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பாலின அடையாளம் மனநோய்களின் பிரிவில் இல்லை. அதை "மாற்றும்" சிகிச்சைக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார். அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அறிவித்தது. அந்த எண்ணத்தைப் போக்கித் தருகிறேன் என்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

பிள்ளை சொல்வதும் முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் 12 முதல் 20 வயதுவரை உள்ள 315 பேரை ஹார்மோன் தொடங்கி இரண்டு வருடம் கவனித்த ஆய்வு 2023இல் வந்தது. சராசரியாக மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, உடம்பு தன்னுடையதாகத் தெரிந்தது. ஆனால் அந்த 315 பேரில் இருவர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஆணாகப் பிறந்தவர்களிடம் மனச்சோர்வு குறைந்ததாகத் தெளிவாகக் காட்ட முடியவில்லை. பின்லாந்து, சுவீடன், இங்கிலாந்து ஆகிய நாடுகள் 18 வயதுக்குக் கீழ் விதிகளை இறுக்கியதற்கு, கையில் உள்ள ஆதாரம் வலுவாக இல்லை என்பதே காரணம். எங்கள் கருத்து இது: ஹார்மோன் பலருக்கு உதவுகிறது, ஆனால் அது மனச்சோர்வுக்கு மருந்து இல்லை. மனச்சோர்வு முழுதாகத் தீரும்வரை ஹார்மோன் பேச்சையே எடுக்கக்கூடாது என்பதும் சரியில்லை. இரண்டு சிகிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது வேறு. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பிளேடு, பழைய மாத்திரைகள், எலி மருந்து, பூச்சி மருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். 14416 டெலிமனஸ் எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். இளவயதில் முதல் சில வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும், அதனால் வாரம் ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

மாதவிடாய் வரும் நாட்களில்தான் கீறிக்கொள்கிறானா என்று கவனியுங்கள். பல திருநம்பிப் பிள்ளைகளுக்கு அந்த நாட்கள்தான் நரகம். டெஸ்டோஸ்டிரோன் இல்லாமலே அதை நிறுத்தலாம். மகப்பேறு மருத்துவர் பரிந்துரைத்தால், நாரெத்திஸ்டிரோன் 5 மி.கி. மாத்திரையை இடைவெளி விடாமல் தினமும் எடுப்பது ஒரு வழி. முதல் சில மாதம் இடையிடையே கசிவு இருக்கும். மருந்தை நிறுத்தினால் பழைய நிலை திரும்பும், அதனால் யோசிக்க அவகாசமும் கிடைக்கிறது.

மார்பை மறைக்கக் கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறானா என்று பாருங்கள். மூச்சு இழுக்க இழுக்க அது இறுகும், விலா எலும்பு நோகும். இதற்கென்றே தைத்த பைண்டர் போதும்: ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போதும் ஓடும்போதும் கழற்ற வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோனுக்கு இந்த வயதில் பெற்றோர் சம்மதமும், மனநல மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் சேர்ந்த மதிப்பீடும் வேண்டும். மாதவிடாய் நிற்பது, கொழுப்பு இடம் மாறுவது போன்றவை பெரும்பாலும் திரும்பும். தடித்த குரலும் முளைத்த தாடியும் திரும்பாது. கையெழுத்துப் போடும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து இந்த இரண்டு பட்டியலையும் பேசுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநருக்கான சிகிச்சைப் பிரிவு உண்டு.

எனக்கு 20 வயது, திருநங்கை. தோழி சொல்லி ஐந்து மாதமாகத் தினமும் மூன்று கருத்தடை மாத்திரை போடுகிறேன். மார்பு லேசாக வந்திருக்கிறது. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. மாத்திரையைக் கூட்டட்டுமா?
– செங்கல்பட்டு

கூட்டாதீர்கள். இன்றோடு நிறுத்திவிட்டு இந்த வாரமே ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். மாலா-டி போன்ற மாத்திரை ஒன்றில் எத்தினைல் எஸ்ட்ராடியால் 30 மைக்ரோகிராம் இருக்கிறது. நீங்கள் 90 எடுக்கிறீர்கள். இந்த வகை ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறைய வைக்கும், புகை பிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலியோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அழுகைக்கும் அதே மாத்திரையில் காரணம் இருக்கலாம். அதில் உள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் சிலருக்கு மனத்தைத் தாழ்த்தும். ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் கண்ணீர் எளிதாக வரும் என்று பலர் சொல்வதும் உண்மைதான். அழுது முடித்ததும் லேசாகிறதா, இல்லை இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, பிடித்த பாட்டில்கூட ஆசை எல்லாம் போய்விட்டனவா? இரண்டாவது என்றால் அது மனச்சோர்வு, தனியே சிகிச்சை வேண்டும்.

முறையான சிகிச்சை வழக்கமாக எஸ்ட்ராடியால் வேலரேட் என்ற வேறு வகை ஈஸ்ட்ரோஜன், தினம் 2 மி.கி.யில் தொடங்கும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து 6 மி.கி. வரை மெல்லக் கூட்டுவார்கள். ரத்தத்தில் எஸ்ட்ராடியால் ஒரு மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழ் என்பது இலக்கு. டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்க சைப்ரோடெரோன் கொடுத்தால் அளவைக் கேளுங்கள். 50 மி.கி. மாத்திரையை முழுதாக விழுங்க வைப்பது பழைய பழக்கம், 10 மி.கி. அளவே போதும். அதிக அளவில் அது மனச்சோர்வையும் கல்லீரல் கோளாறையும் தரும்.

மார்பு வளர்ச்சி முழுமையாக இரண்டு மூன்று வருடம் ஆகும். மாத்திரையை இரட்டிப்பாக்கினால் வேகம் கூடாது, ஆபத்துதான் கூடும். குரல் எந்த மாத்திரையாலும் மாறாது, அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் வழி. பின்னாளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் துளி இருந்தாலும், அடுத்த சிகிச்சை தொடங்கும் முன் விந்தணுவைச் சேமிப்பது பற்றிக் கேளுங்கள்.

திருநம்பி நான், வயது 22. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி. கடைசி நான்கைந்து நாள் எரிச்சலும் சோர்வும் தாங்க முடியவில்லை. டோஸ் போதவில்லையா?
– கோவை

டோஸ் அல்ல, இடைவெளிதான் சிக்கல். ஊசி போட்ட சில நாளில் அளவு உச்சிக்குப் போகும், மூன்றாம் வாரம் தரைக்கு வந்துவிடும். அந்த இறக்கத்தைத்தான் நீங்கள் உணர்கிறீர்கள். மொத்த அளவைக் கூட்டாமல் பிரித்துப் போடுவதைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கணக்குக்கு வாரம் சுமார் 80 மி.கி. வரும். அதற்கு முன் இரண்டு சுற்றுக்கு நாட்காட்டியில் தினமும் மனநிலைக்கு 10க்கு மதிப்பெண் போடுங்கள். ஊசிக்கு முந்தின நாள் ஒருமுறை, இரண்டு ஊசிக்கும் நடுவில் ஒருமுறை ரத்தம் கொடுத்தால் மருத்துவருக்கு ஏற்ற இறக்கம் கண்ணால் தெரியும். மதிப்பெண் ஊசித் தேதியோடு ஒத்துப்போகாமல் எப்போதும் தாழ்ந்தே கிடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாருங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிறது என்று பொருள். சில ஊசிகள் கடலை எண்ணெயில் கரைத்தவை, வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். மாதவிடாய் நின்றுவிட்டாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு.

இருமுனைக் கோளாறுக்கு மருந்து எடுக்கிறேன். ஈஸ்ட்ரோஜன் சேர்க்கலாமா?
– திருநெல்வேலி

சேர்க்கலாம், இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். லித்தியம் எடுப்பவருக்கு, டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் சேர்த்தால் லித்தியம் ரத்தத்தில் தேங்கக்கூடும். இருமுனைக் கோளாறுக்குத் தரும் கார்பமசிபின் ஈஸ்ட்ரோஜனைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதே கோளாறுக்குத் தரும் ரிஸ்பெரிடோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும்; அந்தப் பழியை ஈஸ்ட்ரோஜன் மேல் போட்டு ஈஸ்ட்ரோஜனை நிறுத்திவிடுவார்கள்.

நிர்வாணம் (விரை நீக்கும் அறுவை) முடிந்து ஒரு வருடம். "இனி மாத்திரை எதற்கு" என்று விட்டுவிட்டேன். உடம்பில் சூடு பரவுகிறது, எதிலும் பிடிப்பில்லை.
– விழுப்புரம்

விரைகள் எடுத்தபின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைந்துவிடும். ஈஸ்ட்ரோஜனும் வெளியிலிருந்து வராவிட்டால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் சூடு, வியர்வை, தூக்கமின்மை, மனத்தளர்ச்சி எல்லாம் உங்கள் வயதிலேயே வரும், எலும்பும் தேயும். டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்கும் மாத்திரைதான் இனி தேவையில்லை, ஈஸ்ட்ரோஜன் தேவை. அறுவைக்கு முன் எடுத்ததைவிடக் குறைந்த அளவே பெரும்பாலும் போதும். வைட்டமின் டி அளவையும் பாருங்கள். மீண்டும் தொடங்கி மூன்று மாதம் கழித்தும் மனம் தேறவில்லை என்றால் அதற்கான சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.