அமெரிக்க ஏர்லைனில் துணை விமானி: 1500 மணி நேரக் கணக்கு – கேள்வி பதில்

கேள்வி: சார், முன்பு 250 மணி நேரம் பறந்தவர்களையே கோ-பைலட்டாக எடுத்தார்களாமே? ஏன் 1500 ஆனது?

பதில்: 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதையொட்டி 2010இல் சட்டம் வந்தது. 2013 ஆகஸ்ட் முதல் கோ-பைலட்டுக்கும் ஏடிபி (ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட்) உரிமம் கட்டாயம்; அதற்குத்தான் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். ஆனால் அந்த கேப்டனுக்கு 3,379 மணி நேரமும் கோ-பைலட்டுக்கு 2,244 மணி நேரமும் இருந்தன! ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்தாமல் கன்ட்ரோலைப் பின்னால் இழுத்ததுதான் வினை. மணிக்கணக்கு இதற்கு மருந்தா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

கேள்வி: 1500 சேர்ந்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது, பலர் மாட்டுவது இங்கேதான். அதற்குள் கிராஸ் கன்ட்ரி (தொலைதூரப் பறத்தல்) 500, இரவு 100, இன்ஸ்ட்ருமென்ட் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் வைத்துப் பறப்பது) 75, பைலட் இன் கமாண்ட் (விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக) 250, இரட்டை இன்ஜின் 50 மணி நேரம் இருக்க வேண்டும். பயிற்சி ஆசிரியராக ஒரே ரன்வேயைச் சுற்றிக்கொண்டிருந்தால் மொத்தம் ஏறும், கிராஸ் கன்ட்ரி ஏறாது. கிராஸ் கன்ட்ரியாகக் கணக்கில் வர, கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலைத் தாண்ட வேண்டும். 48 என்றால் பூஜ்யம்தான். ஏடிபி கணக்குக்கு அங்கே இறங்கவேண்டியதில்லை என்பது ஒரு சலுகை. இரவுக் கணக்கு இடித்தால், 20 இரவு டேக்-ஆஃப், லேண்டிங்குக்கு மேல் செய்யும் ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரமாக, 25 வரை, சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். டச் அண்ட் கோ (தரை தொட்டு நிற்காமல் உடனே மேலெழுவது) செல்லாது. 700, 800 மணி நேரத்திலேயே லாக்புக்கைக் கட்டம் கட்டமாகக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: குறுக்கு வழி உண்டா?

பதில்: ராணுவ விமானிக்கு 750. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் விமானவியல் பட்டத்தோடு அந்தத் துறைப் பாடங்களில் 60 கிரெடிட் முடித்தால் 1000, இரண்டாண்டுப் படிப்புக்கு 1250. கிராஸ் கன்ட்ரியும் 200 போதும். குறைந்தபட்ச வயதும் 23க்குப் பதில் 21. பறக்கும் பயிற்சியும் அந்தப் படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும். வெளியே எங்கோ உரிமம் வாங்கிவிட்டுப் பட்டத்தை மட்டும் நீட்டினால் நடக்காது.

கேள்வி: ஏடிபி எழுத்துத் தேர்வை இப்போதே எழுதிவிடலாமா?

பதில்: முதலில் சிடிபி என்ற கட்டாயப் பயிற்சி வகுப்பு: 30 மணி நேரப் பாடம், 10 மணி நேர சிமுலேட்டர். அந்தச் சான்றிதழ் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. சொந்தக் காசைப் போடுமுன், சேரப்போகும் நிறுவனமே நடத்துகிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவில் 200 மணி நேர சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: இந்தியாவில் அதோடு டைப் ரேட்டிங்கும் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) இருந்தால் கோ-பைலட் ஆகலாம். அமெரிக்காவில் அந்த 200 உங்கள் மொத்தக் கணக்கில் சேரும், வேலைக்குக் காணாது.