விளைமீன் வந்தால் கோல் எடுங்கோ

வணக்கம் அண்ணா,

எங்கள் மீன் வாடியில் டிஜிட்டல் தராசை லப்டொப்பில் செருகி, நிறை தானாகப் பதியும்படி பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். லினக்ஸ்தான். முதலில் தராசு ஏதாவது அனுப்பும்வரை திரை உறைந்து நின்றது. நண்பன் சொன்னபடி பைத்தானின் ஆட்_ரீடரில் (add_reader) ஒரு கோல்பேக், அதாவது ஏதாவது வந்ததும் தானாக ஓடவேண்டிய துண்டு, பதிந்ததும் அது சரியாயிற்று. ஆனால் சில நேரம் 12.45 கிலோ, 12 என்றும் .45 என்றும் இரண்டு பதிவாக விழுகிறது. கணக்குப் புரோகிராம் எழுதும் பில் ஃபைலுக்கும் கோல்பேக் பதியப் போனால் ‘அனுமதி இல்லை’ என்று பிழை. ஃபைலுக்கு 777 (எல்லாருக்கும் முழு உரிமை) கொடுத்தேன், சூடோவில் (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினேன், அசையவில்லை. எங்கே பிழை விட்டேன்?

க., உப்புவெளி

அன்புள்ள க.,

முதலில் அந்த 777ஐ எடுத்துவிடுங்கள். கோளாறு அங்கே இல்லை.

வாடிக்காரருக்கு மீனை வைத்தே சொல்லலாம். திருகோணமலைச் சந்தையில் தெரிந்த வியாபாரியிடம் நம்பரைக் கொடுத்து, ‘விளைமீன் வந்தால் ஒரு கோல் எடுங்கோ’ என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். கோல்பேக் பதிவதும் அதுதான். அவர் கோல் எடுத்தால் மீன் வந்திருக்கிறது, அவ்வளவே. வெட்டிக் கழுவிப் பையில் போட்டாயிற்று என்றோ, நமக்கு வேண்டிய மூன்று கிலோவும் இருக்கிறது என்றோ அவர் சொல்லவில்லை.

லினக்ஸின் மையமான கெர்னலும் அப்படித்தான். ‘இப்போது வாசித்தால் காத்திருக்க வேண்டாம்’ என்பது மட்டுமே அதன் வாக்கு. தராசு செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு எழுத்து வந்து சேர ஏறத்தாழ 1 மில்லி செக்கன் ஆகும். 12.45ம் வரிமுடிவும் சேர்ந்தால் ஆறேழு எழுத்து. இரண்டு எழுத்து வந்ததுமே உங்கள் கோல்பேக் ஓடிவிட்டால் கையில் 12தான் இருக்கும். ஆகவே கோல்பேக்குக்கு வெளியே ஒரு பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) வைத்து, வருவதையெல்லாம் அதில் சேருங்கள். வரிமுடிவு கண்ட பிறகே அதுவரை உள்ளதை வெட்டி எடுத்துப் பதியுங்கள். மிச்சம் அடுத்த முறைக்கு இருக்கட்டும். கோல்பேக்குக்குள் ஸ்லீப் போட்டுக் காத்திருக்க மட்டும் நினைக்காதீர்கள். அது தூங்கினால் கோல்பேக்குகளை ஓட்டும் லூப் முழுவதும் தூங்கும், பழையபடி திரை உறையும்.

அப்புறம் அந்த ‘அனுமதி’. பிழை எண்ணைப் பாருங்கள், 1 என்று இருக்கும். ஃபைல் உரிமை இல்லாவிட்டால் வருவது 13. இரண்டையும் பைத்தான் ஒரே பெயரில் காட்டுவதால் பலர் உங்களைப் போலவே 777 பக்கம் ஓடுகிறார்கள். விஷயம் என்னவென்றால், டிஸ்க்கில் கிடக்கும் சாதாரண ஃபைல் லினக்ஸின் கண்ணில் எப்போதும் வாசிக்கத் தயார். எது தயார் என்று கெர்னலிடம் கேட்கும் வழிகளான செலக்ட் (select), போல் (poll) இரண்டிலும் அதைப் பற்றிக் கேட்டால் உடனே ‘தயார்’ என்று பதில் வரும். ஆட்_ரீடருக்கு அடியில் இருக்கும் ஈபோலும் (epoll) அதே வேலைக்கான வழிதான், ஆனால் அது அந்த ஃபைலை ஏற்கவே மாட்டாது. வீட்டு பிரிஜ்ஜில் இருக்கிற மீனுக்கு யார் கோல் எடுப்பார்?

உங்களுக்குத் தேவை ‘ஃபைல் மாறிவிட்டது’ என்ற செய்தி. அதற்கு ஐநோட்டிஃபை இருக்கிறது, 2005இல் வந்த 2.6.13 கெர்னலிலிருந்து. அதிலும் ‘மாறியது’ நிகழ்வைக் கேட்டால் ஒரே பில்லுக்கு நாலு தடவை எழுப்பும். ‘எழுதி மூடப்பட்டது’ நிகழ்வைக் கேளுங்கள். கணக்குப் புரோகிராம் நாள் முழுவதும் ஃபைலைத் திறந்தே வைத்திருந்தால் அது வராது. அப்போது ‘மாறியது’தான் வழி, கூடவே அதே பஃபர் வித்தை. ஐநோட்டிஃபை தரும் டிஸ்கிரிப்டரை (அதைக் குறிக்கும் எண்ணை) உங்கள் ஆட்_ரீடரிடமே கொடுக்கலாம், அதை ஈபோல் மறுக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. தராசுக் கேபிள் கழன்றால் என்ன ஆகும்? வாசித்தால் வெறுமை வரும், அல்லது பிழை வரும். வெறுமையும் ‘தயார்’ கணக்குத்தான். கோல்பேக் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை இதைக் கவனிக்காமல் விட்டேன். கச்சான் காற்றுக் காலம், லப்டொப் விசிறி இரைந்தது. வெக்கைதான் காரணம் என்று நினைத்து ஒரு பின்னேரம் முழுக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வெறுமையோ பிழையோ வந்தால் முதல் வேலையாக, பதிந்த கோல்பேக்கை நீக்கும் ரிமூவ்_ரீடரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாக விழுந்த பழைய பதிவுகளை மாத முடிவுக்கு முன் தேடித் திருத்திவிடுங்கள். படகு முதலாளி சம்மாட்டி கேட்டால் ஈபோல் கதை எடுபடாது.