குடும்பத்துக்கு எவ்வளவு காப்பீடு தேவை? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். வயது 36, சம்பளம் 28,000 ரூபாய், பி.எஃப். உண்டு. மனைவி, இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு 6 வயது. 5 லட்ச ரூபாய்க்குச் சேமிப்புப் பாலிசி வைத்திருக்கிறேன். போதுமா?
– திருவொற்றியூர் வாசகர்

போதாது. உங்கள் சொந்தச் செலவு நீங்கலாக வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000. சின்னவள் 22 வயதில் சம்பாதிக்கத் தொடங்கும்வரை 16 ஆண்டுகள், மொத்தம் 38,40,000. விலைவாசி ஏறத்தான் செய்யும். காப்பீட்டுத் தொகையை வங்கியில் போட்டால் வரும் வட்டி அதை ஏறக்குறைய ஈடுகட்டும் என்று கொள்கிறேன். நகைக்கடனும் சீட்டு பாக்கியும் 3 லட்சம், இருவரின் மேற்படிப்புக்கு 8 லட்சம் என்றால் 49,40,000. இருக்கும் பாலிசியைக் கழித்தால் 44 லட்சத்துச் சொச்சம். என் எண்களுக்குப் பதில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 50 லட்சத்தை ஒட்டித்தான் வந்து நிற்கும்.

அந்தத் தொகைக்கு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, எடுங்கள். கட்டிய பணம் திரும்பி வராதே என்று தயங்க வேண்டாம். இந்தத் தயக்கத்தால்தான் பல குடும்பங்கள் குறைந்த காப்பீட்டோடு நின்றுவிடுகின்றன. எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், பி.எஃப்.போடு இணைந்த ஆயுள் காப்பீடான இ.டி.எல்.ஐ. திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் கிடைக்கும். வேலை மாறும்போது இடைவெளி விழலாம் என்பதால் அதை நான் கழிக்கவில்லை. புகையிலைப் பழக்கம் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பிறகு அல்லல்படுவது உங்கள் மனைவிதான்.

பத்து வயது மகன் பெயரில் பாலிசி போடச் சொல்கிறார் முகவர். போடலாமா?
– பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

வேண்டாம். வீட்டுக்கு வருமானம் கொண்டுவருபவருக்குத்தான் முதலில் காப்பீடு. நீங்கள் தையல் வேலையில் சம்பாதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை உங்கள் பெயரில் ஒரு பாலிசிக்குக் கட்டுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. தனியாக மருத்துவக் காப்பீடு வேண்டுமா?
– பெரம்பூர் வாசகர்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு, ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை தரும் நல்ல திட்டம் அது. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உங்களுக்கு உண்டு. இரண்டும் இல்லாதவர்கள் 5 லட்சத்துக்காவது குடும்பப் பாலிசி எடுக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் அதைச் சொல்லியே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) 36 மாதங்களைத் தாண்டக் கூடாது என்பது விதி.

வாடகை வீடு. மழை வெள்ளத்தில் பொருள்கள் பாழாகின்றன. காப்பீடு உண்டா?
– வியாசர்பாடி வாசகி

உண்டு. கட்டடத்தை விட்டுவிட்டு வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

52 வயது மீனவன். 436 ரூபாய்த் திட்டத்தில் சேர முடியுமா?
– காசிமேடு வாசகர்

முடியாது. பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு அது; அதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீட்டில் 70 வயது வரை இருக்கலாம்; விபத்தில் இறந்தால் 2 லட்சம். கடலில் படகு கவிழ்ந்தால் கிடைக்கும், மாரடைப்புக்குக் கிடைக்காது. மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.