வாசகர் கேள்வி – பதில்: ஏற்றிய சரக்கின் எடை எங்கே நிற்கிறது?

டிரெய்லர்களில் சரக்கு ஏற்றுவது பற்றி வந்திருந்த கேள்விகளுள் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டுக்கும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததால் அவற்றின் பதில்கள் சற்று நீண்டுவிட்டன.

கேள்வி: எங்கள் கிடங்கில் 20 டன் சரக்கு ஏற்றிய டிரெய்லர், எடைமேடையில் மொத்த எடை வரம்புக்குள் இருப்பதாகச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டது. வழியில் அச்சு எடை கூடுதல் என்று நிறுத்திவிட்டார்கள். மொத்தம் சரியாக இருக்கும்போது அச்சு எடை மட்டும் எப்படித் தவறும்?
– கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர்

பதில்: நீளமான கம்பில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டு இருவர் தோளில் சுமந்து செல்வதை நினைத்துப் பாருங்கள். மூட்டை யார் பக்கம் நெருங்குகிறதோ அவர் தோளில்தான் பாரம் கூடும். மூட்டையின் எடை மாறுவதில்லை. டிரெய்லரில் அந்த இரண்டு தோள்கள், முன்னால் இழுவை வண்டியோடு இணையும் கிங்பின்னும் பின்னால் இருக்கும் அச்சுத் தொகுதியும் ஆகும்.

கிங்பின்னிலிருந்து பின் அச்சுத் தொகுதியின் நடுப்புள்ளி வரை 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 டன் சரக்கின் எடைமையம் கிங்பின்னுக்குப் பின்னால் 5 மீட்டரில் இருந்தால், 20ஐ 5ஆல் பெருக்கி 8ஆல் வகுத்து வரும் 12.5 டன் பின் அச்சுகள் மீதும், மீதி 7.5 டன் கிங்பின் வழியாக இழுவை வண்டி மீதும் இறங்குகிறது. அதே சரக்கை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் கணக்கு 15 டன்னும் 5 டன்னுமாக மாறிவிடும். ஒரு மீட்டர் நகர்வு இரண்டரை டன்னை இடம் மாற்றுகிறது. எடைமேடை மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த மாற்றம் கண்ணில் படவே படாது. (டிரெய்லரின் சொந்த எடையைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும்.)

அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36.3 டன்; இரட்டை அச்சுக்கு வரம்பு 34,000 பவுண்டு. ஐந்து அச்சு வண்டியில் இரண்டு இரட்டை அச்சுகளும் வரம்பை முழுதாகத் தொட்டால் 68,000 ஆகிறது. முன் அச்சுக்கு மிஞ்சுவது 12,000. ஆகவே அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை முழுவதும் பயன்படுத்த நினைப்பவருக்குச் சரக்கை வைக்கும் இடத்தில் பிழைக்கு இடமே இல்லை என்றுதான் பொருள். எடை குறைவதும் சில இடங்களில் குற்றமாகும்: ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளிடைப் போக்குவரத்து விதிப்படி, உந்து அச்சின் (இன்ஜின் சுழற்றும் அச்சின்) மீது மொத்த எடையில் 25 சதவீதமாவது இருக்க வேண்டும். இழுக்கும் சக்கரத்தின் மேல் பாரம் இல்லாவிட்டால் ஈரச் சாலையில் அது வெறுமனே சுழலும் என்பதே காரணம்.

அனுபவசாலிகளும் தவறவிடும் ஒன்று, பாதி வழியில் சரக்கு இறக்குவது. முன்பக்கம் 10 டன் கிங்பின்னிலிருந்து 2 மீட்டரிலும், பின்பக்கம் 6 டன் 9 மீட்டரிலும், அதாவது அச்சைத் தாண்டியும் இருப்பதாகக் கொள்வோம். அந்த 6 டன் பின்னால் அழுத்தி, முன்பக்கத்தைச் சிறிது தூக்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கியதும், வண்டி 6 டன் இலேசாகியும், கிங்பின் மேல் 6.75 டன்னாக இருந்தது 7.5 டன்னாகக் கூடிவிடுகிறது. ஓட்டுநர் பாரம் குறைந்ததென்று நிம்மதியாகப் போகும்போது உந்து அச்சு வரம்பை மீறியிருக்கலாம். எனவே ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் சரக்குக்குக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டிரெய்லர் தளத்தின் ஓரத்தில் கிங்பின்னிலிருந்து மீட்டர் அளவுகளைப் பெயின்டால் குறித்து வைத்தால் ஏற்றுபவருக்கு இது எளிதாகும்.

கேள்வி: ஐயா, என்னிடம் உள்ள பெல்ட்டுகளில் 2500 என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் 10 டன் மரப்பெட்டிகளுக்கு நான்கு பெல்ட் போதுமா? போதும் என்கிறார் என்னோடு இருக்கும் மூத்த ஓட்டுநர்.
– லாரி ஓட்டுநர் ஒருவர்

பதில்: நான்கு போதுமானதாகவும் அமையலாம்; ஆனால் அவர் போட்ட கணக்கின்படி அல்ல.

பெல்ட்டின் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். எல்.சி. என்ற எழுத்துகளுக்கு எதிரே இருப்பது, பெல்ட் நேராக இழுபடும்போது தாங்கக்கூடிய அளவு. எஸ்.டி.எஃப். என்பதற்கு எதிரே உள்ளது, ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது பெல்ட்டில் உண்டாகும் இழுவிசை. அது பெரும்பாலும் சில நூறுதான். இவ்வெண்கள் டெக்கா நியூட்டன் அளவில் இருக்கும். நடைமுறைக்குக் கிலோ என்றே எடுத்துக்கொள்ளலாம். சரக்கின் மேலாகப் பெல்ட்டை வளைத்து இறுக்கும்போது அது சரக்கைப் பிடித்து இழுப்பதில்லை. தளத்தோடு சேர்த்து அழுத்த மட்டுமே செய்கிறது. அந்த அழுத்தத்தால் கூடும் உராய்வுதான் சரக்கை நிறுத்துகிறது. ஆகவே இங்கே பயன்படும் எண் 2500 அல்ல, இரண்டாவது எண்.

ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 12195-1, திடீரென்று பிரேக் போடும்போது சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும் என்றும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம் என்றும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. உங்கள் 10 டன்னை முன்பக்கம் நிறுத்த 8 டன் விசை வேண்டும். உராய்வுக் கெழு, அதாவது அழுத்தும் எடையில் உராய்வாகக் கிடைக்கும் பங்கு, 0.4 என்றால், சரக்கின் சொந்த எடையே 4 டன்னைத் தருகிறது. மீதி 4 டன்னைப் பெல்ட்டுகள் ஈடுசெய்ய வேண்டும். எஸ்.டி.எஃப். 400 எனில், நிமிர்ந்து இறங்கும் ஒரு பெல்ட் இரு பக்கமும் சேர்த்து 800 கிலோ அழுத்தம் தரும்; அதில் உராய்வாகக் கிடைப்பது 320 கிலோ. பாதுகாப்புக்காக 1.25 மடங்கு சேர்த்தால் 16 பெல்ட் வேண்டும்! பதினாறு பெல்ட் கட்டிய வண்டியை நான் பார்த்ததில்லை. நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இனி இரண்டு மாற்றங்களைச் செய்து பாருங்கள். சரக்குக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டால் உராய்வுக் கெழு 0.6 ஆகக் கூடும். அப்போது 6 பெல்ட் போதும். விரிப்பே இல்லாமல், முதல் பெட்டியை முன் தடுப்புச் சுவரோடு ஒட்டி வைத்து, பெட்டிகளுக்கிடையிலும் இடைவெளி விடாமல் அடுக்கினால், முன்னோக்கிய மீதி 4 டன்னைச் சுவரே தாங்கிக்கொள்ளும். பெல்ட்டுகளுக்குப் பக்கவாட்டையும் பின்புறத்தையும் காக்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு 4 போதுமானது. மூத்தவர் சொன்ன எண் சரியாக வந்துவிட்டது. ஆனால் சரக்குச் சுவரைத் தொட்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 12642இன் கீழ்க் கட்டப்பட்ட சாதாரண முன்சுவர், வண்டி ஏற்றக்கூடிய சரக்கெடையில் 40 சதவீதத்தை, அதிகபட்சம் ஏறத்தாழ 5 டன் வரை, தாங்க வேண்டும். உங்கள் வண்டியின் முன்சுவர் எவ்வளவு தாங்கும் என்பதைத் தயாரிப்பாளர் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணத்தையும் கவனியுங்கள். பெல்ட் தளத்தோடு 90 பாகையில் இறங்கினால் முழு அழுத்தம் கிடைக்கும். 30 பாகையில் பாதிதான். தாழ்வான, அகன்ற சரக்கின் மேல் போட்ட பெல்ட் பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் அதிகம் அழுத்தாது. முடிச்சுப் போட்ட பெல்ட்டையும், ஓரம் கிழிந்ததையும், சீட்டு போய்விட்டதையும் ஒதுக்கிவிடுங்கள். அதில் விவாதிக்க எதுவுமில்லை.

கேள்வி: முத்திரையிட்ட டிரெய்லரை எங்களிடம் ஒப்படைக்கிறார்கள். உள்ளே எப்படி ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரியாமலே ஓட்டுகிறோம். சரக்கு சரிந்தால் பொறுப்பு யாருடையது?
– வண்டி உரிமையாளர் ஒருவர்

பதில்: இதற்கு எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரே பதில் இல்லை. ஜெர்மனியின் வணிகச் சட்டத் தொகுப்பு, 412ஆம் பிரிவில், இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: பயணத்தைத் தாங்கும்படி சரக்கை வைத்துக் கட்டுவது அனுப்புபவரின் கடமை, வண்டி சாலையில் பாதுகாப்பாக ஓடும்படி எடை அமைந்திருப்பதை உறுதிசெய்வது வண்டிக்காரரின் கடமை. ஆஸ்திரேலியாவின் கனரக வாகனச் சட்டம், ஏற்றுபவர், அனுப்புபவர், பயண நேரத்தை வகுப்பவர் என்று சங்கிலித் தொடராகப் பலரையும் பொறுப்பாக்குகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, ஓட்டுநர் புறப்படுமுன் சரக்கைப் பார்க்க வேண்டும். முதல் 50 மைலுக்குள் ஒருமுறையும், பிறகு 150 மைல், 3 மணி நேரம், பணிநிலை மாற்றம் (ஓட்டுவதிலிருந்து ஓய்வுக்கு மாறுவது போன்றது) ஆகியவற்றுள் எது முதலில் வருகிறதோ அப்போதெல்லாமும் மறுபடி பார்க்க வேண்டும். முத்திரையிட்டுத் திறக்கக் கூடாதென்று உத்தரவிடப்பட்ட வண்டிக்கு அதில் விலக்கு உண்டு.

அந்த விலக்கு வழக்கில் உதவலாம், வளைவில் உதவாது. முத்திரையைத் தொடாமலே நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக எடைபோடுங்கள். முதல் கேள்வியின் கணக்கைத் திருப்பிப் போட்டால் சரக்கின் எடைமையம் எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும். சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எடுக்க மறுத்துவிடுங்கள். மறுத்ததற்கான காரணத்தைச் சரக்குச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது, பின்னால் எழக்கூடிய பல சண்டைகளைக் குறைக்கும்.

கேள்வி: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எனக்கு, இழுவை வண்டி கழற்றப்பட்ட டிரெய்லருக்குள் போகும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. இது தேவையற்ற பயமா?
– ஃபோர்க்லிஃப்ட் இயக்குநர் ஒருவர்

பதில்: தேவையான பயம். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே அநேகமாக மூன்றரை முதல் 4 டன் இருக்கும். சரக்கோடு சேர்ந்து 6 டன்னுக்கு மேல், பெரும்பகுதி முன் சக்கரங்களின் மீது இறங்குகிறது. இழுவை வண்டி இல்லாத டிரெய்லர், தன் தாங்கு கால்களில்தான் முன்பக்கம் நிற்கிறது. அந்தக் கால்களைத் தாண்டி மூக்குப் பகுதிக்கு நீங்கள் போனால், டிரெய்லர் முன்னால் கவிழ வாய்ப்பு உண்டு. மூக்கின் அடியில் தனித் தாங்கி வைக்காமல் உள்ளே போகாதீர்கள்.

இன்னொன்று, மெதுவாக நடப்பதால் யாரும் கவனிக்காதது. உள்ளே ஒவ்வொரு முறையும் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் சரக்கேற்றும் மேடையைவிட்டுச் சிறிது சிறிதாக முன்னால் நகர்ந்து, இரண்டையும் இணைக்கும் பாலத்தகடு பிடிமானத்தை இழக்கிறது. சக்கரத்துக்குக் கட்டை போடுவதும், இழுவை வண்டி பூட்டியிருந்தால் அதன் சாவியை வாங்கி மேடையில் மாட்டுவதும் இதனால்தான். வேலை முடிந்துவிட்டதென்று தவறாக நினைத்து ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவதைச் சாவி ஒன்றே தடுக்கும். கையசைப்பையும் கூச்சலையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: 13.6 மீட்டர் டிரெய்லரில் 33 பேலட் (சரக்கை அடுக்கும் தட்டு) ஏறும் என்கிறார்கள். எங்களுக்கு 26க்கு மேல் ஏறுவதில்லை. மேலும், பின்கதவு இருக்கும்போது கடைசி வரிசையைக் கட்டுவது அவசியமா?
– ஏற்றுமதி அலுவலக ஊழியர் ஒருவர்

பதில்: இரண்டு எண்ணும் சரிதான். 33 என்பது 1.2க்கு 0.8 மீட்டர் அளவுள்ள ஐரோப்பிய பேலட்டுக்கு: அகலத்தில் மூன்று, நீளத்தில் பதினொரு வரிசை. உங்களுடையது 1.2க்கு 1 மீட்டராக இருக்க வேண்டும். அதில் அகலத்தில் இரண்டும் நீளத்தில் பதின்மூன்றும்தான் அமையும். இடம் முழுவதும் நிரம்புமுன்பே எடை வரம்பு வந்துவிடும் சரக்காயின் எண்ணிக்கைக்காகப் போராடுவதில் பயனில்லை. இலேசான சரக்கையும் கனமான சரக்கையும் ஒரே பயணத்தில் கலந்து, கனமானவற்றைக் கீழேயும் எடைமையக் கணக்குக்குப் பொருந்தும் இடத்திலும் வைப்பதுதான் இலாபம். முதலில் இறங்க வேண்டியது கதவருகே இருக்க வேண்டும் என்ற வசதி, இந்தக் கணக்கோடு மோதினால், கணக்கின் பக்கம் நில்லுங்கள். ஒரு நிறுத்தத்தில் பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

கதவு, தயாரிப்பாளர் அதற்கென்று தாங்குதிறன் குறித்திருந்தாலொழிய, சரக்கைத் தாங்கும் சுவர் ஆகாது. சரக்குக் கொள்கலன்களை நிரப்புவதற்கான 2014ஆம் ஆண்டுப் பன்னாட்டு நடைமுறை விதித்தொகுப்பு, எந்தக் கிடைத்திசையிலும் இடைவெளிகளின் கூட்டுத்தொகை 15 சென்டிமீட்டரை மீறக் கூடாதென்கிறது. கடைசி வரிசைக்குப் பின்னால் குறுக்குக் கம்பியோ பெல்ட்டோ போடுங்கள். இறக்குமிடத்தில் கைப்பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தால், உள்ளே சரக்கு கதவின் மீது சாய்ந்திருக்கிறது. இரு கதவுகளையும் சேர்த்து ஒரு பெல்ட்டைத் தளர்வாகக் கட்டிவிட்டு, கதவு வீசித் திறக்கும் வழியில் நில்லாமல், ஒரு கதவை மட்டும் ஒரு சாண் அளவு திறந்து பாருங்கள்.